மயில் கழுத்து நிறத்தில் ஓர் அரிவாள்

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து இறங்கியபோது அவருடைய இடது முன்கையில் ஒரு முடிகூட இல்லை. ஏதோ தோல் நோய் என்று அம்மா கவலைப்பட்டார். மறுநாள் காலை காரணம் தெரிந்தது. பார்க்க வந்தவர்களிடம் சித்தப்பா ஒரு கத்தியை உறையிலிருந்து உருவிக் காட்டி, அதன் கூர்மையை நிரூபிக்கத் தன் கையையே சிரைத்துக் காட்டினார். இடது கையை அங்கேயே அறை நண்பர்களுக்குக் காட்டி முடித்திருந்தார். எங்களுக்கு வலது கை. எங்கள் ஊரான புதுவயலில் சொந்தக்காரர்கள் அதிகம் என்பதால் அதுவும் மூன்று நாளைக்குமேல் தாங்கவில்லை.

காட்டில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்கான கத்தி அது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. கறுப்பு ரப்பர் பிடியில் ஆரஞ்சுக் கயிறு, உறையின் பக்கவாட்டில் தீப்பொறி பறக்க உரசும் குச்சி, கூர் தீட்டத் தீப்பெட்டி அளவில் ஒரு வைரத்தூள் கல். கூடவே எட்டு மொழிகளில் அச்சடித்த ஒரு தாள் இருந்தது. அந்த எட்டில் தமிழ் இல்லை. சித்தப்பா அதிலிருந்து ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார். அந்த எஃகின் கடினத்தன்மை அளவு ஐம்பத்தெட்டு. எஃகைப் பற்றி அவருக்குக் கருத்துகள் நிறைய உண்டு. அங்கே ஒரு கப்பல் தளத்தில் எஃகின்மேல் பெயின்ட் அடிப்பது அவர் வேலை.

வீட்டில் ஏற்கெனவே ஓர் அரிவாள் இருந்தது. அது அத்தையினுடையது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர் அத்தை. மாமா இறந்தபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். அரிசி ஆலைகள் இருக்கும் சாலையில், லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே, எட்டு வருடமாக இளநீர் விற்றார். அந்த அரிவாள் அப்பா ஓட்டிய லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. ஆயிரக்கணக்கான மூட்டைகளைத் தாங்கிய இரும்பு, அதற்குமேல் எதுவும் அதை அசைக்காது என்பது அப்பாவின் கணக்கு. கறுத்து, மேடும் பள்ளமுமாக, பார்க்க அழகில்லாத பொருள். வாய் மட்டும், அதாவது வெட்டும் விளிம்பு மட்டும், நூல் பிடித்ததுபோல் வெள்ளையாக மின்னும். இடது உள்ளங்கையில் காயை வைத்து மூன்று சீவு, நான்காவதாக ஒரு கொத்து. மூடி திறந்து நிற்கும். காலையில் ஒரு முறை கல்லில் தேய்த்தால் இரவு வரை அத்தை அந்தக் கல்லைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சித்தப்பா அந்த அரிவாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அக்கா, என் கத்தி அம்பத்தெட்டு. ஒன் அரிவாளு எத்தனை?"

"ஒண்ணுதாண்டா இருக்கு" என்றார் அத்தை.

அத்தைக்குச் சாலையில் இன்னொரு விஷயத்திலும் பெயர் உண்டு. காயை அரிவாளின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே தண்ணீர் மட்டுமா, வழுக்கையா, முத்தலா என்று சொல்லிவிடுவார். லாரி ஓட்டுநர்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். அரிவாளை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், காய் பார்க்கத்தான் ஆள் வேண்டும் என்று அவரே சொல்வதுண்டு. ஆனால் தார்ச்சாலையின் சூடு எட்டு வருடத்தில் அவர் கால்களை ஒரு வழி பண்ணியிருந்தது. குதிகால் வெடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம். நான் செருகிப் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய பழைய வீட்டை வாங்கி ஹோட்டலாக்கியவர்கள், வருகிற விருந்தினர்களுக்கு வாசலிலேயே இளநீர் சீவிக் கொடுக்க ஒருவரைத் தேடினார்கள். நிரந்தர இடம். முகப்புக் கொட்டகையின் நிழல், உட்கார நாற்காலி, மாதச் சம்பளம். ஆலை முதலாளி ஒருவர் அத்தையின் பெயரைச் சொல்லியிருந்தார். தேவகோட்டையிலிருந்து இன்னொருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பேருந்து நிறைய விருந்தினர் வருகிறார்கள், இருவரும் வந்து சீவட்டும், யாரைப் பிடிக்கிறதோ அவருக்கு இடம் என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நாற்காலி உண்டாமா என்று மட்டும் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டார்.

சனிக்கிழமை அரிவாளின் பிடி ஆடியது. கோடையில் மரம் காய்ந்து பிடி தளர்வது வழக்கம்தான். கொல்லர் பட்டறையில் கொடுத்து மாற்றலாம் என்று போனால் ஆசாரி ஒரு விசேஷத்துக்காகக் காரைக்குடி போய்விட்டிருந்தார். அத்தை பதறவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பிடி முங்கும்படி அரிவாளைத் தலைகீழாக நிறுத்தி வைத்தார். ராத்திரி முழுக்க ஊறினால் மரம் உப்பி இரும்பைக் கவ்விக்கொள்ளும், ஒரு நாளைக்குத் தாங்கும். அப்படி வைத்துவிட்டு, மறுநாளுக்குக் காய் எடுக்கத் தோப்புக்குப் போனார்.

சித்தப்பா வாளியைப் பார்த்தார். எஃகைத் தண்ணீரில் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. அக்கா நாளைக்குப் பெரிய இடத்துக்குப் போகிறாள், ஆடுகிற பிடியோடா போவது, திரும்பி வருவதற்குள் புதுப் பிடியே போட்டு வைத்துவிடுவோம் என்றார். 'வோம்' என்றதில் நானும் இருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணை அந்த வீட்டில் வேறு யாரும் எதற்கும் கூட்டுச் சேர்ப்பதில்லை.

"ஆசாரி எப்புடிப் பண்ணுவாரு? நீ பாத்திருக்கேல்ல?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். அரிவாளின் வால் பகுதியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியின் துளைக்குள் இறக்குவார். மரம் புகைந்துகொண்டே இடம் கொடுக்கும். காய்ச்சும்போது வெட்டும் பகுதியை ஒரு பச்சை வாழைத்தண்டில் முழுசாகச் செருகி வைத்திருப்பார். இதையும் சொன்னேன். வாழைத்தண்டு எதற்கு என்று சித்தப்பா கேட்டார். கை சுடாமல் பிடிக்க என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இரும்பு சுடும், வாழைத்தண்டு குளிர்ச்சி, வேறு எதற்கு இருக்க முடியும்?

"அதுக்குத்தான் நம்மகிட்ட குறடு இருக்கே" என்றார் சித்தப்பா.

கொல்லைப்புறத்தில் வெந்நீர் வைக்கும் அடுப்பில் கொட்டாங்கச்சியைக் கொட்டித் தணலாக்கினோம். மேசை மின்விசிறியைத் தூக்கி வந்து அடுப்பின் வாயில் வைத்தோம். அடுப்பு அகலமானது. வாலை மட்டும் தணலில் வைக்க அரிவாள் ஒத்துழைக்கவில்லை, வளைந்த பொருளானதால் உருண்டு முழுசாகத் தணலுக்குள் படுத்துக்கொண்டது. சித்தப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாலில் சூடு ஏறச் சூடு ஏற, வாயில் நிறங்கள் வந்தன. முதலில் வைக்கோல் நிறம். பிறகு செப்புப் பாத்திரத்தின் நிறம். பிறகு ஊதா. அதிலிருந்து மயில் கழுத்து நீலம். அவ்வளவு அழகான இரும்பை நான் பார்த்ததில்லை. துரு விலகுகிறது என்று சித்தப்பா விளக்கினார். நீலமும் மறைந்து சாம்பல் நிறமாகி, அடியிலிருந்து மங்கலான சிவப்பு ஏறத் தொடங்கியபோது வால் தயாராகியிருந்தது.

குறடால் பிடித்து, கடைத்தெருவில் வாங்கி வந்த புதுப் பிடிக்குள் இறக்கினார். புகை கிளம்பியது. சுத்தியலால் நான்கு தட்டு. பூணைப் போட்டு இறுக்கினார். பிடி பாறைபோல் நின்றது. சூடான இரும்பைத் தண்ணீரில் விட்டால் வெடித்துவிடும், மெல்ல ஆறட்டும் என்று வெட்டும் பகுதியைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தார். ஆறியதும் மணலும் புளியும் போட்டு நான் தேய்த்தேன். நிறங்கள் போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பிறகு சித்தப்பா தன் வைரத்தூள் கல்லை எடுத்து ஒரு மணி நேரம் தீட்டினார். கூர் மிக எளிதாக ஏறியது, பழைய அரிவாளா இது என்று அவருக்கே ஆச்சரியம். கையில் முடி மிச்சமில்லாததால் காலில் சோதித்தார். சிரைத்தது. செய்தித்தாளை நுனியில் பிடித்துக் காற்றில் வெட்டினார். அறுந்து விழுந்தது.

தோப்பிலிருந்து வந்த அத்தை பிடியை ஆட்டிப் பார்த்தார். கட்டைவிரலால் வாயைத் தடவிப் பார்த்தார்.

"பரவால்லியேடா" என்றார். சித்தப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிறு காலை ஒரு சுமை ஆட்டோவில் அறுபது காயோடு நாங்கள் மூவரும் போனோம். அத்தை நீலச் சேலை கட்டியிருந்தார். முகப்புக் கொட்டகையில் இரண்டு மேசைகள் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒன்று எங்களுக்கு, ஒன்று தேவகோட்டைக்காரருக்கு. நாற்காலியும் இருந்தது. அத்தை அதில் உட்காரவில்லை, பையை மட்டும் வைத்தார்.

பேருந்து வந்தது. முதல் காயை அத்தை சீவிய விதத்திலேயே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கைபேசியை எடுத்துவிட்டார். மூன்று சீவு, ஒரு கொத்து. இரண்டாவது, மூன்றாவது. எங்கள் பக்கம் கூட்டம் சேர்ந்தது. தண்ணீர் குடித்தவர்கள் திருப்பிக் கொடுத்த காயை அத்தை பிளந்து போட, சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். வழுக்கையைச் சுரண்டி நான் ஒரு தட்டில் வைத்தேன், இரண்டுக்கு ஒன்று வாயிலும் வைத்தேன். வாய்க்குள் வைத்ததும் கரைந்தது. அத்தை எடுத்த காய் அப்படித்தான் இருக்கும்.

ஆறாவது காயில் சத்தம் மாறியது. சரக் என்று வர வேண்டியது சப் என்று வந்தது. ஏழாவதில் அரிவாள் நாரில் சிக்கிக்கொண்டது. அத்தை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெற்றிலை ஓரம் வாடினால் சுருளுமே, அதுபோல் வாய் ஒரு பக்கமாக மடிந்திருந்தது.

பையிலிருந்து தன் கல்லை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். இரண்டு காய் சீவ முடிந்தது. மறுபடி மடிந்தது. மறுபடி தேய்த்தார், ஒரு காய். இப்போது அத்தை அரிவாளின் வாயைப் பார்க்கவில்லை. புதுப் பிடிக்கு அருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார், கருகிய மர வாடை இன்னும் போகவில்லை. நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவின் முகம் அதற்கு முன்பே வெளுத்திருந்தது. அவர் அவசரமாக இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவிக் கொடுத்தார். ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குக் கனம் இல்லை. வீசினால் காயில் ஒட்டிக்கொண்டது. பென்சில் சீவுவதுபோல் பன்னிரண்டு முறை செதுக்கினால் ஒரு காய் திறந்தது. அதற்குள் வரிசை பக்கத்து மேசைக்கு நகர்ந்துவிட்டது. அங்கே சரக், சரக் என்று சீரான சத்தம்.

மேலாளர் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"என்னம்மா, நல்லாத்தானே ஆரம்பிச்சீங்க. அரிவாள் சரியில்லையா, காய் சரியில்லையா?"

சித்தப்பா, "சார், அது நேத்து நான்…" என்று தொடங்கினார்.

"டேய், நீ போயி ஆட்டோவுல இருக்க சாக்கை எடுத்துட்டு வா" என்றார் அத்தை. பிறகு மேலாளரிடம் திரும்பினார். "காய்தாங்க சார். முத்தலாப் போச்சு. ஓடு தட்டி அரிவாளு வாயி போயிருச்சு. நான்தான் சரியாப் பாத்து எடுக்கல."

அத்தை தன் காயைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மேலாளர் தவறாக நினைத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினேன்.

"இல்ல சார், எல்லாம் வழுக்கைதான். நான் தின்னு பாத்தேன்" என்றேன்.

முழங்கைக்கு மேலே, சட்டைக் கை முடிகிற இடத்தில், அத்தை என்னைக் கிள்ளினார். சாதாரணக் கிள்ளு இல்லை, திருகிய கிள்ளு. அத்தை அதற்கு முன்பு என்னை அடித்ததோ கிள்ளியதோ கிடையாது. மேலாளர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்படியென்றால் ஆள் அனுப்புவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த சில நாட்கள் பள்ளியிலிருந்து வந்ததும் யாராவது வந்தார்களா என்று அம்மாவிடம் கேட்டேன்.

திரும்பும் வழியில் மிச்சக் காய்களின்மேல் உட்கார்ந்து வந்தோம். சித்தப்பா சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். புதுவயல் வளைவு வந்தபோது அத்தை மடியில் இருந்த அரிவாளைத் தூக்கிப் பிடியை இருபுறமும் ஆட்டிப் பார்த்தார்.

"பிடி நல்லாத்தாண்டா போட்டிருக்க. இனிப் பத்து வருசத்துக்கு அசையாது" என்றார்.

சித்தப்பா சாலையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அத்தை நல்ல வார்த்தை சொன்னால் ஒரு சிரிப்பாவது சிரிக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை பட்டறைக்கு அத்தையோடு நானும் போனேன், கொஞ்சம் தள்ளி, கிள்ளு வாங்கிய கையைப் பிடித்துக்கொண்டு. ஆசாரி அரிவாளை வாங்கி, அதன் வாயில் அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும் தோய்ச்சல் சரியாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இது வெண்ணெய்போல் கடித்தது, துகள் உதிர்ந்தது.

"இதை யாரு அடுப்புல போட்டா?" என்றார்.

"எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார் அத்தை.

"ஒங்க வீட்டு எலி சிங்கப்பூரு போயிட்டு வந்த எலியா தாயி?"

அத்தை சிரித்துவிட்டார். ஆசாரியும் அதற்குமேல் கேட்கவில்லை. பிடியைப் பிளந்து எடுத்தார். பத்து வருடத்துக்கு அசையாத பிடி ஒரே உளியில் இரண்டாகியது. பிறகு வாயை மட்டும் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் ஒரு விரல் ஆழத்துக்கு முக்கி, எடுத்து, மறுபடி முக்கினார். புஸ் என்று ஆவி வந்தது. அந்தத் தோய்ச்சலில்தான் இரும்புக்குக் கூர்மையைத் தாங்கும் வலு வருகிறது. மறுபடி சூடு காட்டி மெல்ல ஆறவிட்டால் அந்த வலு போய்விடும். எவ்வளவு வேண்டுமானாலும் கூர் ஏறும், ஆனால் நிற்காது. கடைசியில், வாலைக் காய்ச்சுவதற்குமுன், வாயை ஒரு வாழைத்தண்டில் செருகினார். தண்டுக்குள் இருந்த பகுதியில் சூடு ஏறவேயில்லை. தண்டு இருந்தது அவர் கைக்காக அல்ல. இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தும், எங்கள் பிடியைப் பிளந்துவிட்டாரே என்ற கோபத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நேமத்தான்பட்டி இடம் தேவகோட்டைக்காரருக்குப் போனது. அத்தை அடுத்த நாளே ஆலைச் சாலையில் நின்றார், இன்னும் ஆறு வருடம் நின்றார். ஐம்பத்தெட்டைச் சித்தப்பா அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அது அடுப்படியில் வெங்காயம் நறுக்கியது. பார்க்க வந்தவர்களிடம் எஃகு பற்றிய பேச்சும் நின்றுபோனது. சிங்கப்பூருக்குக் கிளம்புவதற்கு முன் காரைக்குடி போய் அத்தைக்கு ஒரு பெரிய குடையும் தடித்த ரப்பர் செருப்பும் வாங்கி வந்து, கொடுக்கத் தைரியமில்லாமல் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

மேலாளர் கேட்ட கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. அரிவாள் என்று சொல்லியிருந்தால், வேறு அரிவாளோடு இன்னொரு நாள் வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். காய் பார்த்து எடுக்கத் தெரியாதவரை யாரும் இரண்டாவது முறை கூப்பிடுவதில்லை. அத்தைக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் அரிவாள் என்றால், யார் கெடுத்தது என்ற அடுத்த கேள்வி வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, முப்பது நாள் விடுப்பில் வருகிற, தான் இடுப்பில் வைத்து வளர்த்த தம்பி, அத்தனை பேர் முன்னால் நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்து வயதில் என் கணக்கு வேறு. காய் நல்ல காய். அத்தை பொய் சொன்னார். அத்தைக்காக உண்மை சொன்ன எனக்குக் கிள்ளு கிடைத்தது. அந்த வாரம் முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. மாலையில் கடை கட்டி வரும்போது, விற்காத காயில் ஒன்றைப் பிளந்து, வழுக்கையை முழுசாக வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு, என்னைப் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கூப்பிடுவார். நான் பாடப்புத்தகத்திலிருந்து நிமிர மாட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைச் சித்தப்பாவிடம் நீட்டுவார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே தின்பார்.